சாவி கொடுக்காத கை

விழுப்புரம் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தபோது தெரிந்தவர் ஒருவர் பைக்கை ஓரங்கட்டி, "இன்னா சார், இந்தப் பக்கம்?" என்று கேட்டார். "ஒரு நில விஷயம்" என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். "நிலம்னா இழுத்துகினேதான் போவும் சார். பொறுமையா பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

எங்கள் குடும்பத்துக்கு நிலம் என்று ஒரு சென்ட்கூட எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் அடுத்தவர் கரும்பை வெட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். இருந்தும் வாயில் வந்தது நிலம்தான். நில வழக்கென்று கோர்ட்டுப் பக்கம் வருகிறவனுக்கு ஊரில் ஒரு கௌரவம் உண்டு. நான் வந்த விஷயத்துக்கு அது கிடையாது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். அந்தக் கடைக்குப் பக்கத்து மாடியில்தான் ஒரு வக்கீல் அம்மாவின் அலுவலகம். போர்டைப் படிப்பதும் வந்த வழியே திரும்புவதுமாக அதற்கு முன்பே சில தடவை வந்து போயிருக்கிறேன். எதற்கும் உதவாத எதையாவது ஒவ்வொரு தடவையும் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். ஆதார் அட்டைக்கு அத்தனை நகல் யாரிடமும் இருக்காது.

நான் திண்டிவனத்தில் பைபாஸ் ஓரமாக உள்ள ஒரு டிராக்டர் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு விழுப்புரம். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். வேலையில் நான் மோசமில்லை என்று சொன்னால் அது அடக்கம். உண்மையைச் சொன்னால் அங்கே என் அளவுக்குப் பேசி விற்கிற ஆள் இல்லை. வாங்க வந்தவர் எந்த ஊர், அந்த ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையா நெல்லா, கரும்பு லோடு அடிக்கப் போகிறாரா, வாடகைக்கு உழவு ஓட்டப் போகிறாரா, எல்லாவற்றையும் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வாங்கிவிடுவேன். பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு என்னிடமே திரும்பி வருவார்கள்.

வண்டி டெலிவரி என்றால் எங்கள் ஷோரூமில் அது ஒரு சின்னக் கல்யாணம். குடும்பமே வேன் பிடித்து வரும். டிராக்டருக்கு மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். அதன் பிறகு ஒரு ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கிற, தங்கக் காகிதம் ஒட்டிய பெரிய அட்டைச் சாவி ஒன்று வரும். இந்தப் பக்கம் ஷோரூம் ஆள், அந்தப் பக்கம் வாங்குகிறவர், நடுவில் அந்தச் சாவி. போட்டோ எடுப்பார்கள். பிறகு நிஜச் சாவியை ஒரு தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். வண்டி நேரே மயிலம் கோயிலுக்குப் போகும். விற்றவன்தான் சாவி கொடுக்க வேண்டும் என்பது எல்லா ஷோரூம்களிலும் உள்ள வழக்கம். வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் அந்தப் போட்டோ தொங்கும், அதைப் பார்த்து அவருடைய பங்காளி வருவார், அடுத்த வண்டி விற்கும். தொழில் நடப்பதே அப்படித்தான்.

நான் விற்ற வண்டிகளில் ஒன்றுக்குக்கூட நான் சாவி கொடுத்ததில்லை.

ஆரம்பத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. டெலிவரி அன்று காலையில் மேனேஜர் கூப்பிடுவார். "தம்பி, ஜல்தியா ஆர்டிஓ ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வந்துடு. ஒரு பேப்பர் நிக்குது." போவேன். அங்கே பேப்பர் எதுவும் நிற்காது. திரும்பி வரும்போது பூசணிக்காய்ச் சிதறலை ஒதுக்கிக்கொண்டிருப்பார்கள், மேனேஜர் கையால் சாவி வாங்கி வண்டி மயிலம் போயிருக்கும். சில மாதங்களில் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. டெலிவரி அன்று அவர் கூப்பிடுவதற்கு முன்பே நானே போய், "சார், ஆர்டிஓ ஆபீஸ் போய்ட்டு வந்துடறேன்" என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் வாயால் கேட்பதைவிட என் வாயால் சொல்வது மேலாகத் தோன்றியது. அவருக்கும் அது ரொம்பப் பிடித்துப்போனது. "சொல்லாமலே புரிஞ்சிக்கிறான்" என்று என்னைப் பற்றி மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வாராம்.

இதே வாடிக்கையாளர்களின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அவர்கள் வயலில் வெறுங்காலோடு நின்று டெமோ ஓட்டிக் காட்டியிருக்கிறேன். "டெலிவரிக்கு நீ ஏன்பா வரல?" என்று அவர்களில் சிலர் பிற்பாடு போனில் கேட்டதும் உண்டு. உடம்பு சரியில்லை என்பேன். அந்த ஷோரூமில் என்னளவுக்கு அடிக்கடி ஜுரம் வந்தவன் யாரும் இல்லை.

விழுப்புரத்தில் கிளை திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கிளைப் பொறுப்பாளர் வேலை எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஊர் என் ஊர், பஸ் அலைச்சல் மிச்சம், அனுபவத்திலும் நான்தான் மூத்தவன். நான் பழக்கிவிட்ட பையனுக்குக் கொடுத்தார்கள். மேனேஜர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்தி, உட்கார வைத்து, அன்பாகவே பேசினார்.

"இன்சார்ஜ்னா டெய்லி சாவி குடுக்கணும்பா. வர்றவங்க எல்லாம் நாலு ஏக்கரு, பத்து ஏக்கருன்னு வெச்சிருக்கற குடும்பம். நல்ல நாளும் அதுவுமா வர்றாங்க. எனக்கு ஒண்ணும் கிடையாது, நான் உங்கிட்ட டீ வாங்கிக் குடிக்கிறேன் பாத்தல்ல? ஆனா அவங்க மனசு நோவக்கூடாதில்ல. உனக்குத் தெரியாததா?"

கடைசி வார்த்தைதான் என்னைச் சாய்த்தது. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். இத்தனை நாளும் ஆர்டிஓ ஆபீஸ் போய்ப் போய் நான் அவருக்கு அதைத்தான் சொல்லியிருந்தேன். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். சரியென்று சொன்னேன். இன்றைக்கும் குளிக்கும்போது அந்தச் சொல் நினைவுக்கு வந்தால் தண்ணீரை வேகமாக ஊற்றிக்கொள்வேன்.

என் மனைவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கேட்டதும் அவள் அழவில்லை, திட்டவில்லை. "நாளைக்கே ஒரு வக்கீலப் பாருங்க" என்றாள்.

"வக்கீல்கிட்ட போனா சண்டைன்னு ஆயிடும். மொதல்ல நானே பேசிப் பாக்கறேன்."

"எங்ககிட்ட வர்றவங்களும் இப்பிடித்தான். நானே கஷாயம் வெச்சிக் குடிச்சிப் பாத்தேன், நானே பத்து போட்டுப் பாத்தேன்னு எல்லாம் பண்ணிட்டு, கால் கறுத்த பின்னாடி தூக்கிகினு வருவாங்க. வக்கீலப் பாருங்கன்னுதான் சொன்னேன், கேஸ் போடுங்கன்னு சொன்னனா?"

அவள் சொன்னது சரி. ஆனால் எனக்கு வேறு பயம். வக்கீலிடம் போனால் நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு அந்நிய மனிதர் முன்னால் உட்கார்ந்து, நான் கொடுத்தால் அந்தச் சாவியை வாங்க மாட்டார்கள் என்று சொல்ல வேண்டும். எனக்கு நடந்தது எனக்கே ஏதோ சொல்லக் கூடாத வியாதி மாதிரி இருந்தது. தப்பு செய்தவர் ஏசி அறையில் நிம்மதியாக இருந்தார். கூனிக் குறுகியது நான்.

ஆகவே நானே புகார் எழுதினேன். கம்பெனியின் சென்னை அலுவலகத்துக்கு ஈமெயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். "சில காரணங்களால் எனக்குரிய வாய்ப்பு வழங்கப்படவில்லை என்று உணர்கிறேன். தாங்கள் பரிசீலிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்." சாதி என்ற சொல் அதில் எங்கும் இல்லை. சாவியும் இல்லை. மேனேஜரைப் பற்றி ஒரு நல்ல வரிகூட எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் மனைவி, "இது புகாரா, லீவு லெட்டரா?" என்றாள். அவளுக்குப் பொறாமை என்று சொல்ல முடியாது, ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

பதில் சீக்கிரமே வந்தது, சால்வை வடிவத்தில்.

திங்கட்கிழமைகளில் ஷோரூம் திறந்ததும் எல்லோரும் நின்று ஒரு கூட்டம் நடக்கும். அன்று மேனேஜர் மைக் வைத்திருந்தார். இருபதடி அறைக்கு மைக் எதற்கு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் பேரைச் சொல்லி முன்னால் அழைத்தார். நான் அவர்கள் குடும்பத்தில் ஒருவனாம். என் உழைப்பைப் பாராட்டி, இன்று முதல் 'மூத்த விற்பனை ஆலோசகர்' என்று பதவி தருகிறார்களாம். அந்தப் பதவிக்கு என்ன வேலை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சரிகைக் கரை போட்ட பொன்னாடையை விரித்து என் தோளில் போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். மைக்கை என் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்தை பேசு தம்பி" என்றார்.

நம் ஊரில் சால்வை போட்டுவிட்டு மைக் கொடுத்தால் ஒருவன் என்ன பேசுவான்? பள்ளிக்கூட ஆண்டு விழாவிலிருந்து வாய் பழகியிருக்கிறது. நன்றி என்றேன். மேனேஜர் எனக்கு அண்ணன் மாதிரி என்றேன். கைதட்டல் கேட்டதும் இன்னும் கொஞ்சம் வந்துவிட்டது. "எனக்கு இங்க எந்த மனக்குறையும் கிடையாது" என்றேன். யாரும் அதைச் சொல்லச் சொல்லி என்னிடம் கேட்கவில்லை. ஒரு பையன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்குள் அது ஷோரூமின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. கீழே வரிசையாகக் கட்டை விரல்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது சால்வையைப் பைக்குள் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், யாராவது கேட்பார்கள் என்று.

மனைவி அதைப் பிரித்துப் பார்த்தாள். இரண்டு விரலால் தேய்த்தாள். "தண்ணிகூட இழுக்காது. டேபிள் தொடைக்கவும் ஆவாது" என்றாள். வீடியோவை அவளிடம் காட்டவில்லை. அவளுடைய சித்தி மகன் யாரோ அனுப்பி அவளே பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுச் சாப்பாடு போட்டாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்த வாரமே ஒரு டெலிவரி இருந்தது. நான் விற்ற வண்டி. மூத்த விற்பனை ஆலோசகர் என்ற தைரியத்தில் அன்று நானாகக் கிளம்பாமல் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அட்டைச் சாவியைக்கூட நானே துடைத்து எடுத்து வைத்தேன். வாசலில் வேன் வந்து நின்றதும் மேனேஜர் என் தோளில் கை போட்டார். "தம்பி, ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு பேப்பர் நிக்குது."

அதற்கப்புறம்தான் ஜெராக்ஸ் கடை, நில விஷயம் எல்லாம்.

வக்கீல் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மேஜையில் பாதி குடித்த டீ, பக்கத்தில் கட்டுக் கட்டாக ஃபைல்கள். நான் ரொம்ப நேரம் கிளையைப் பற்றிப் பேசினேன், என் விற்பனையைப் பற்றிப் பேசினேன், பஸ் அலைச்சலைப் பற்றிக்கூடப் பேசினேன். அவர் எழுதாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எல்லாம் சொன்னீங்க. ஏன் குடுக்கலன்னு சொல்லவே இல்லையே" என்றார்.

"உங்களுக்கே தெரியும் மேடம்."

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

சொன்னேன். மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். தெருப் பேரைச் சொன்னேன், சாதியைச் சொன்னேன், சாவியைச் சொன்னேன், ஆர்டிஓ ஆபீஸைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் எழுதிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தார், அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள். மேனேஜர் பேசியபோது வேறு யாராவது அறையில் இருந்தார்களா? இல்லை. கதவு? சாத்தியிருந்தது. ஏதாவது மெசேஜ்? இல்லை. நான் கொடுத்த புகார்? காட்டினேன். படித்தார். வீடியோவையும் பார்த்தார். 'எந்த மனக்குறையும் கிடையாது' என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை பார்த்தார். என் குரலை நானே அந்தச் சின்ன அறையில் இரண்டாவது முறை கேட்டேன்.

"கையெழுத்து ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல மேடம். சால்வை மட்டும்தான்."

"கையெழுத்தா இருந்தா மெரட்டி வாங்கிட்டாங்கன்னு சொல்லலாம். இதுல நீங்க சிரிக்கிறீங்களே." கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க அந்த ஈமெயில் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தரம் வந்திருக்கலாம். கேஸ் போடறதுக்கு இல்ல, என்ன எழுதணும்னு கேட்டுக்கறதுக்கு. எல்லாரும் சண்டை முத்தின பின்னாடி போற எடம் வக்கீல் ஆபீஸ்னு நெனச்சிக்கறாங்க. சரி, ஒண்ணும் கெட்டுப் போவல. கஷ்டம், அவ்ளோதான். இனிமே அவங்க கூப்பிட்டு என்ன குடுத்தாலும் எனக்கு ஒரு போன் பண்ணிட்டு வாங்கிக்கங்க."

என்ன நடந்தது என்று இந்த முறை பச்சையாக எழுதி நோட்டீஸ் போனது. அவர்கள் வக்கீலிடமிருந்து பதிலும் வந்தது. கூடவே சால்வைப் போட்டோ. எங்கள் நிறுவனத்தில் எந்தப் பாகுபாடும் கிடையாது, சாவி கொடுப்பது அந்தந்த நாள் வேலைப் பங்கீடு மட்டுமே, வேண்டுமானால் உங்கள் கட்சிக்காரரே வந்து கொடுக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த நாள் மேனேஜர் என்னை அழைத்தார். முன்போல் தோளில் கை போடவில்லை. "வெள்ளிக்கிழமை ஒரு டெலிவரி கீது. நீதான் சாவி குடுக்கற" என்றார்.

வக்கீல் அம்மாவுக்குப் போன் செய்தேன். "போங்க, குடுங்க. உங்க வேலைதானே அது. சால்வை போட வந்தா மட்டும் விலகிக்கங்க" என்றார். நான் புதுச் சட்டையை இஸ்திரி போட்டேன். எத்தனை பட்டாலும் மனுஷனுக்குப் புத்தி வராது பாருங்கள், மனைவியிடம் எந்தச் சட்டை நன்றாக இருக்கும் என்று வேறு கேட்டேன்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் வேன் வந்தது. அது நான் விற்ற வண்டி இல்லை, விழுப்புரம் கிளையில் பதிவானதை அன்று எங்கள் ஷோரூமுக்கு வரவழைத்திருந்தார்கள். கிளியனூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். வாங்குகிறவருக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவு. மனைவி, அம்மா, அக்கம்பக்கத்தார் என்று ஒரு கூட்டமே இறங்கியது. அந்த அம்மா டிராக்டரைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். மேளம் வைத்திருந்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். அட்டைச் சாவியின் ஒரு முனையை அவரிடம் கொடுத்து மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டோக்காரர் வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வண்டி வாங்குகிறவர் மெதுவாகக் கேட்டார். "சாருக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"அந்த ஊரா! நம்ம பெரியம்மாவ அங்கதான் குடுத்துகீது. எந்தத் தெரு சார்?"

இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், எத்தனை விதமாக நழுவியிருப்பேன். அன்று நழுவ இடமில்லை. ஒரு கையில் சாவி. சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம ஆளுதானா! அண்ணே, முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பி, "யம்மா, சாவி குடுக்கற சாரு நம்ம ஆளும்மா" என்று சத்தமாகச் சொன்னார். அந்த அம்மா கைகூப்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பக்கத்தில் வந்து, என் காதோடு, "உனக்குன்னே பாத்து வெச்ச கஷ்டமர்பா. யார் மனசும் நோவாது" என்றார்.

சாவியைக் கீழே போட்டுவிட்டு நடந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம், நானும் பிறகு நினைத்தேன். ஆனால் எதிரே நின்றவருக்கு அது வாழ்நாளில் முதல் வண்டி. அந்தத் தெருவுக்கே அதுதான் முதல் டிராக்டராம். அவர் கையிலிருந்து எப்படிப் பிடுங்குவேன்? "சார், கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோக்காரர். சிரித்தேன். நிஜச் சாவியைத் தட்டில் வைத்து நீட்டியபோது அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அன்றே வக்கீல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை மேஜையைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொல்ல முடிந்தது, கோபத்தில். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தன நாள் நம்மகிட்ட இல்லாத ஆதாரத்த அவங்களே குடுத்துட்டாங்க. எத்தனையோ டெலிவரியில உங்களுக்குன்னு இந்த ஒண்ணுதான் குடுத்திருக்காங்க, அதுவும் இவருக்கு. வண்டி வாங்கினவரு வந்து சொல்லணும். நான் யாரு, என்ன ஆளு, எனக்கு யாரு சாவி குடுத்தாங்கன்னு எழுதிக் கையெழுத்து போடணும்" என்றார்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது மேடம். சந்தோஷமா போய்க்கினு இருக்காரு."

"அப்ப நீங்கதான் சொல்லணும்."

பல நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளியனூரில் பஸ் இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தேன். தெருமுனையிலேயே டிராக்டர் தெரிந்தது. மாலை காய்ந்திருந்தது, இன்னும் எடுக்கவில்லை. அவர் ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அவருடைய மனைவி அவித்த மல்லாட்டையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். சுவரில், செத்துப்போன அவருடைய அப்பாவின் படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் போட்டோ. நடுவில் தங்கச் சாவி. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை மறந்துவிட்டேன். ஏதோ ஒரு இடத்தில் ஆரம்பித்துச் சொன்னேன். ஆர்டிஓ ஆபீஸ், கிளை, சால்வை, கடைசியில் அந்த வெள்ளிக்கிழமை. அவர் மல்லாட்டையை உரித்துக்கொண்டே கேட்டார், பிறகு உரிப்பதை நிறுத்திவிட்டார். அவருடைய மனைவி கதவோரம் நின்றுவிட்டார்.

"அப்ப மத்தவங்களுக்கெல்லாம் மேனேஜரு கையால. எனக்குன்னா உங்க கையால. அதானண்ணே?"

"ஆமா."

அவர் சுவரைப் பார்த்தார். "அப்ப இத கழட்டிடணுமாண்ணே?"

கோபமாகக் கேட்கவில்லை. முறை என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அவர் கையிலிருந்த மல்லாட்டையைத் தட்டில் திரும்பப் போட்டார். "கையெழுத்து போடறேன். அது ஒண்ணும் இல்ல" என்றார். "ஆனா எங்க அம்மா வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் இதக் காட்டிகினு கீது. அதுங்கிட்ட என்னால சொல்ல முடியாது. நீங்களே சொல்லிட்டுப் போங்கண்ணே."

அந்த அம்மா வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என்னைப் பார்த்துவிட்டார். தழையை அப்படியே போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, "அடியே, எல்லாம் வாங்கடி, எம்புள்ளைக்குச் சாவி குடுத்த தம்பி வந்துகீது" என்று கூப்பிட்டார். ஒவ்வொருத்தராகச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் எல்லோரும் வந்து நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஆர்டிஓ ஆபீஸிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.